இசக்கியம்மாள் அடிக்க மறுத்த ஃபிளெக்ஸ்

சிறுதொழில் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு தடித்த கையேட்டைக் கொடுத்திருப்பார்கள். மானிய விதிகள், திட்ட அறிக்கையின் மாதிரி, தள ஆய்வுக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காதது போல இருக்க வேண்டும் எல்லாம் அதில் உண்டு. அதில் பாதியை எழுதியவன் நான். ஆகவே அதை முழுக்கப் படிக்கும்படி யாரையும் வற்புறுத்த மாட்டேன்.

அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர், விண்ணப்பம் எல்லாம் முடிந்த பிறகு, எழுந்து போகாமல் பையைத் தடவிக்கொண்டிருப்பார். கேக் செய்பவராக இருக்கலாம். சுவரில் படம் வரைபவராக, சுடுமண் நகை செய்பவராக, அழைப்பிதழ் வடிவமைப்பவராக இருக்கலாம். "சார், நான் மனசுல சரின்னு நெனைக்கித ஒண்ண கடை நம்பர்ல போடலாமா?" என்று கேட்பார். அவருக்குக் கடை என்பதே அந்த வாட்சப் நம்பர்தான். ஆர்டர் வருவதும் அதில், மகன் பள்ளிக்கூடத்து அறிவிப்பு வருவதும் அதில், சாமி படம் வருவதும் அதில்.

இந்தக் கேள்விக்கு அரசாணை இல்லை. தேடிவிட்டேன்.

பல வருடங்கள் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: போடாதீர்கள். அதற்குக் காரணமும் இருந்தது. பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்ற ஒரு பெண், தேர்தல் முடிவு வந்த அன்று "நம்ம ஆளு ஜெயிச்சாச்சு" என்று ஸ்டேட்டஸ் போட்டார். தோற்றவரின் பேரனுக்கு மறுநாள் பிறந்தநாள். அந்தக் கேக் அவருடைய அடுப்படியில் பாதி அலங்காரத்தோடு நின்றுகொண்டிருந்தது. வாங்க யாரும் வரவில்லை. பாவம், அதை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு துண்டைத் தின்றுகொண்டே, வியாபாரிக்கு அரசியல் எதற்கு என்று ஒருமனதாக முடிவு செய்தோம். மறுவாரமே என் பயிற்சி வகுப்பில் 'கடை நம்பரில் கடை மட்டும்' என்று ஒரு பக்கம் சேர்ந்தது. காலை வணக்கத்தோடு ஒரு பூ, தீபாவளி வாழ்த்து, தள்ளுபடி அறிவிப்பு. இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் உபதேசம்.

அந்த வகுப்பில் இரண்டாம் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அப்போ நான் நெனைக்கித எங்க சார் பேச?"

"வீட்ல பேசுங்கம்மா."

"வீட்ல அம்மை டிவி பாத்துக்கிட்டு இருப்பா சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள்தான் இசக்கியம்மாள்.

விக்கிரமசிங்கபுரத்துக்காரி. அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். எங்கள் திட்டத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் இயந்திரம் வாங்கிக் கடை வைத்திருந்தாள். ஃபிளெக்ஸ் என்றால் என்ன பெரிய கலை என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி என்று நம் ஊர் முக்குகளில் தொங்குகிறவை எல்லாம் ஒரே முகம் மாறிய ஒரே படம்தான். ஆனால் அவள் அடித்ததைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். செத்துப்போன கிழவருக்கு அஞ்சலி என்றால் ரோஜாவும் மெழுகுவத்தியும் வைக்க மாட்டாள். அவர் ஓட்டின சைக்கிளை வைப்பாள். அந்தத் தெருவே நின்று பார்க்கும்.

நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் ஒருநாள் காலை, காப்பியோடு போனைத் திறந்தேன். அவளுடைய ஸ்டேட்டஸில் ஒரு பழைய ஃபிளெக்ஸின் புகைப்படம். பின்னால் குற்றாலம் அருவி, இரண்டு அன்னப்பறவைகள், சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட மாமன்மார். நடுவில் மாலையும் பட்டுச்சேலையுமாக ஒரு சின்னப் பெண், எங்கே பார்ப்பது என்று தெரியாத கண்களோடு. கீழே எழுதியிருந்தாள்:

"இது நான்தான். எட்டாங்கிளாஸ். எங்க பஸ் ஸ்டாப்பில் இது தொங்கிய நாளெல்லாம் நான் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய் பஸ் ஏறினேன். பையன்கள் பாட்டுப் பாடுவார்கள். சடங்கு வையுங்கள், சந்தோஷமாக வையுங்கள். பெரியவளான பிள்ளையின் போட்டோ போட்ட ஃபிளெக்ஸை மட்டும் இனி என் கடையில் அடிக்க மாட்டேன்."

காப்பி ஆறிவிட்டது. உடனே கூப்பிட்டேன்.

"இசக்கி, அத எடுத்துரும்மா."

"எத சார்?"

"காலையில போட்டத."

"அது நாளைக்குத் தன்னால போயிரும் சார்."

"அதுக்குள்ள ஊரெல்லாம் போயிரும்."

"போட்டும்னுதான சார் போட்டேன்."

நான் பயந்தது ஊரைக் குறித்து மட்டும் அல்ல. அவளுடைய ஆர்டர்கள் வரும் வழி எனக்குத் தெரியும். பந்தல், மைக் செட், சீரியல் விளக்கு எடுத்துச் செய்கிற சுடலைமுத்து அண்ணாச்சி என்று ஒருவர். பாபநாசம் சாலையில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் போன் அவருக்குத்தான். பந்தலோடு சேர்த்து ஃபிளெக்ஸையும் அவரே பேசி முடித்து இவளிடம் அனுப்புவார். அவர் கையை எடுத்துவிட்டால் அந்த இயந்திரம் துணி காயப்போடத்தான் ஆகும்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சார், அண்ணாச்சி மத்தியானம் கடைக்கு வாராராம். அவரு தங்கச்சி மவ பெரியவளாயிருக்கா. தாய்மாமன் ஃபிளெக்ஸு. நீங்க வாறியளா? ஒண்ணும் பேசாண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

வெளியே செல்லும் பதிவேட்டில் 'தள ஆய்வு' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன். சும்மா இருக்கச் சொன்னால் இருக்கிற ஆளா நான்? அம்பாசமுத்திரம் வருவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்.

இங்கே என் முதல் மேலதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தப் படித்தவர், வெற்றிலை போட்டபடியே கையெழுத்துப் போடுவார், யாரிடமும் பகை கிடையாது. அவர் எனக்குச் சொன்ன பாடம் இது: "முடியாதுன்னு நீ சொல்லாத. விதியச் சொல்ல விடு. விதிய யாரும் கல்யாண வீட்ல பாத்து மூஞ்சியத் திருப்ப முடியாது." அந்த ஒரு பாடத்தை வைத்தே பணிக்காலம் முழுவதையும் ஓட்டினேன். எத்தனையோ விண்ணப்பங்களை மறுத்திருக்கிறேன். ஒன்றையும் நான் மறுத்ததாக யாரும் நினைத்ததில்லை.

கடைக்குள் நுழைந்ததும் இசக்கியிடம் சொன்னேன். "பொது இடத்துல ஃபிளெக்ஸ் வைக்க முன் அனுமதி வேணும். அனுமதி எண்ண அடியில போடணும். அது இல்லாம அடிக்கக் கூடாது. நீ மாட்டேன்னு சொல்லாத. அனுமதி இல்ல, அடிக்க வழியில்லன்னு சொல்லு. அவருக்கும் மரியாத, ஒனக்கும் பொழப்பு."

அவள் யோசித்தாள்.

"அவரு அனுமதி வாங்கிட்டு வந்துட்டா, சார்?"

"அது லேசுல கெடைக்காது."

"ஒங்களுக்குக் கெடைக்காது. அண்ணாச்சிக்குக் கெடைக்கும். அப்போ நான் அடிக்கணும்லா? எம் போட்டோவப் போட்டு நான் சொன்னது என்ன ஆவும்?"

பதில் சொல்வதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. அண்ணாச்சியும், அவரிடம் மைக் செட் பார்க்கிற முருகனும். அண்ணாச்சி பெரிய உருவம், வெள்ளை வேட்டி, பேசுவதற்கு முன்பே கை பேசும். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"ஏட்டி இசக்கி, ஒனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி."

"பின்ன? நேத்துலேருந்து எம் போனுக்கு ஓய்வில்ல. 'ஒங்க கடக்காரி ஒங்க சடங்கையே வேண்டாங்காளே அண்ணாச்சி'ன்னு ஊரே கேக்கு. எனக்கு என்ன பதில் சொல்லத் தெரியும்?"

"சடங்கு வேண்டாம்னு நான் சொல்லல. போட்டோ வேண்டாம்னுதான்..."

"ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி! எனக்கு ஒரே தங்கச்சி, ஒரே மருமவ. பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்ல ஒண்ணு, மார்க்கெட்ல ஒண்ணு, மில்லு கேட்டுக்கு முன்னால ஒண்ணுன்னு பேசி வச்சிருக்கேன். ஒன்னய விட்டா அம்பையில ஆள் இல்லங்கியா?"

"இருக்காவ அண்ணாச்சி. அங்க அடிச்சிக்கோங்க. நான் கோவப்பட மாட்டேன். எங் கையால முடியாது, அவ்வளவுதான்."

அவள் வார்த்தை மாறவில்லை. முந்தின நாள் எழுதியதும் அன்று சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அன்று கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் என் வழியைப் பயன்படுத்துவதிலேயே இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றேன். இசக்கி என்னைப் பார்த்த பார்வையைக் கண்டுகொள்ளாமல், அனுமதி விதியை எடுத்துச் சொன்னேன். உட்பிரிவு உட்பட.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து என் கையில் வைத்தார்.

"மூணு எடத்துக்கும் காலையிலயே வாங்கியாச்சு சார். நீங்க படிச்சவிய, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

சரியாக இருந்தது. முத்திரைகூடத் தெளிவாக இருந்தது. முருகன் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

இனி பேச எனக்கு ஒன்றும் இல்லாததால்தான் காரியம் நடந்தது என்று நினைக்கிறேன். அண்ணாச்சி திரும்பி அவளிடம், "எம் மருமவ ஆசப்படுதா. சின்னப்பிள்ள ஆசைக்குக் குறுக்க நிக்காதட்டி," என்றார்.

"கேட்டியளா அண்ணாச்சி?"

"என்னத்த?"

"அந்தப் பிள்ளகிட்ட."

"கேக்கணுமாக்கும்? இந்தா, இப்பமே கேக்கேன். நீயும் காது குளிரக் கேளு." தங்கைக்குப் போன் போட்டு, பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லி, ஒலிபெருக்கியை அழுத்தி மேசைமேல் வைத்தார். பின்னணியில் மிக்சி ஓடும் சத்தம்.

"ஏட்டி மகா, மாமா பேசுதேன். ஃபிளெக்ஸு அடிக்க வந்திருக்கேன். என்ன கலர் வேணும் சொல்லு."

மிக்சி நின்றது.

"மாமா..."

"சொல்லுட்டி."

"பள்ளிக்கூடத்துக்கிட்ட வைக்காண்டாம் மாமா."

"அது வேண்டாம்னா விட்டுருவோம். மார்க்கெட்ல வைக்கேன்."

"அங்கனயும் வேண்டாம்."

"மில்லு கேட்ல?"

"அங்கனதான் மாமா நாங்க டியூசனுக்குப் போவோம்." பிறகு, மாமாவை ரொம்பவும் வருத்தப்பட வைக்காமல் ஒரு வழி சொல்கிறவளைப் போல, "ஒங்க வீட்டு மாடியில வச்சுக்கோங்களேன்," என்றாள்.

முருகன் இந்த முறை சிரிக்கவில்லை. அண்ணாச்சி போனை எடுத்துப் பையில் போட்டார். வந்ததிலிருந்து உட்காராதவர் உட்கார்ந்தார்.

"நீ சொல்லிக் குடுத்தியாட்டி?"

"நான் அந்தப் பிள்ளயப் பாத்ததே இல்ல அண்ணாச்சி."

முருகன் போய் டீ வாங்கி வந்தான். அண்ணாச்சி அதைக் குடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தங்கச்சி மாப்பிள வீட்டு ஆளுக அஞ்சு பேரு. எல்லாத்துக்கும் துட்டு இருக்கு. பந்தக்காரன்னு என்னய ஒரு மாதிரிதான் பாப்பாவ. தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கேன்னு ஊருக்குத் தெரியாண்டாமா?"

அவ்வளவுதான் விஷயம். அவர் சண்டைக்கு வந்தது ஸ்டேட்டஸுக்காக அல்ல, போட்டோவுக்காகவும் அல்ல. இதை அவரே சொல்லும் அளவுக்கு அவரை அங்கே உட்கார வைத்தது இசக்கி பின்வாங்காததும், அதே சமயம் அவரைக் குத்தி ஒரு சொல் பேசாததும்தான்.

"நீங்க இருக்கது தெரியணும்னா ஒங்க படத்தத்தான அண்ணாச்சி வைக்கணும்?" என்றாள்.

"எம் படமா?"

அவள் கணினிப் பக்கம் திரும்பிவிட்டாள். போன கொடைக்கு எடுத்த அவருடைய முழு உருவப் படம் அவளிடம் இருந்தது. அருவியைத் தூக்கினாள், அன்னப்பறவையைத் தூக்கினாள். வாழையும் தோரணமும் கட்டிய அவருடைய பந்தலையே பின்னணியாக வைத்தாள். அவர் கைகளில் ஒரு பெரிய சீர்வரிசைத் தட்டு: பழம், பூ, பட்டு. அவருக்குப் பின்னால் ஆள் இல்லாமல் வரிசையாகச் சீர்த்தட்டுகள் மட்டும், கண்ணுக்கு எட்டும் வரை. மேலே ஒரே வரி: 'என் மருமகளுக்குச் சீர் கொண்டு போகிறேன். கூட வாருங்கள்.'

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு அருகே போனார்.

"வயிறு கொஞ்சம் தெரியுதே."

"கொறச்சிருதேன்."

"கூலிங்கிளாஸு?"

"வேணுமா அண்ணாச்சி?"

"வேணும்."

"அண்ணாச்சி, கல்யாண மாப்பிள மாரில்லா இருக்கிய!" என்றான் முருகன்.

"சும்ம கெடலே." ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. படத்தைத் தங்கை போனுக்கு அனுப்பச் சொல்லி, எங்கே வைக்கலாம் என்று மகாவிடம் கேட்டார்; 'இத எங்கனயும் வைங்க மாமா' என்று பதில் வந்தது.

அனுமதி எண்ணை அடியில் போட மறந்துவிடாதே என்று நான் நினைவூட்டினேன். அன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

இதோடு எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் சில குடும்பங்கள் அம்பாசமுத்திரத்துக்குப் போய் அடித்துக்கொண்டன, திரும்பி வரவில்லை. 'நம்ம பழக்கத்தப் பழிக்கா' என்று அவளை இரண்டொரு வாட்சப் குழுக்களிலிருந்து நீக்கினார்கள். ஆடி மாதம் முழுக்க இயந்திரம் சும்மா நின்றது. அதன் பிறகு, அண்ணாச்சிக்கு அடித்த மாதிரி தனக்கும் வேண்டும் என்று வேறு மாமன்மார் வர ஆரம்பித்தார்கள். தாய்மாமன்களுக்குள் போட்டி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, கங்கைகொண்டானில் ஒரு பெண்கள் விடுதியின் பொறுப்பாளர், விடுதிச் சுவர்களுக்கெல்லாம் படம் செய்து கொடுக்கச் சொல்லி வந்தார். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கலாம். அவள் கூட்டிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கடை இன்றும் திறந்திருக்கிறது.

ஆகவே, உங்கள் மேசைக்கு எதிரே அந்தக் கேள்வி வரும்போது, போடு என்றும் சொல்லாதீர்கள், போடாதே என்றும் சொல்லாதீர்கள். திருப்பி ஒன்று கேளுங்கள்: 'நீங்கள் போடுவதைப் படித்துவிட்டு, உங்களுக்கு ரொம்ப வேண்டிய வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் வந்து நிற்பார். இதே வரியை அவர் முகத்தைப் பார்த்து, அவருக்கு நாற்காலியும் போட்டுச் சொல்ல முடியுமா?' கேக் செய்த பெண்ணை இப்போது நினைத்தால், பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளையின் தாத்தாவைப் பார்த்து அந்த வரியை அவரால் சொல்லியிருக்க முடியாது. அது அடுத்தவர் தோற்றதைப் பற்றிய வரி. இசக்கி எழுதியதோ அவளுக்கு நடந்ததையும், அவள் கை செய்யப்போவதையும் பற்றி மட்டும். யாரையும் அவள் திருந்தச் சொல்லவில்லை. அதனால்தான் அண்ணாச்சி கத்தும்போதும் அவளால் அதே இடத்தில் நிற்க முடிந்தது.

இன்னொன்று. முடியாது என்பதை விதியின் வாயால் சொல்கிற என் முறை அரசாங்க அலுவலகத்துக்கு ஒத்துவரும். நாம் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள். தன் பெயரில் கடை வைத்திருப்பவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அன்று அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால், அந்த மடித்த தாள்கள் மேசைக்கு வந்த நிமிடமே மகாவின் படத்தை அவள் கையாலேயே அடித்திருப்பாள்.

'கடை நம்பரில் கடை மட்டும்' என்ற பக்கத்தை ஓய்வு பெறுவதற்கு முன்பே பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் கையேட்டில் எங்காவது இன்னும் இருந்தால் கிழித்துவிடுங்கள். உரிய படிவத்தில் விண்ணப்பிக்கத் தேவையில்லை.

சடங்குக்கு அண்ணாச்சி என்னையும் அழைத்திருந்தார். பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்கினேன். எதிரே அண்ணாச்சி, கூலிங்கிளாஸோடு, வயிறு இல்லாமல், தட்டும் கையுமாக இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றார். அடியில் அனுமதி எண். அதற்குக் கீழே நிஜ அண்ணாச்சி, வருகிறவர்களை வரவேற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, படம் எல்லோர் கண்ணிலும் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஜன்னலிலிருந்து யாரோ ஒருவன் தலையை நீட்டினான்.

"என்ன அண்ணாச்சி, இந்த வயசுல ஒமக்கா வே சடங்கு?"

பஸ்ஸே சிரித்தது. பள்ளிக்கூட வாசலில் நின்ற பையன்கள் ஒரு பாட்டை எடுத்துவிட்டார்கள்.

"ஆமாலே!" என்று அண்ணாச்சி கையைத் தூக்கினார். "எனக்குத்தாம்லே. எறங்கி வந்து சாப்ட்டுட்டுப் போ!"

அடுத்த வாரம் வேறு வேலையாக அந்த வழியே போனபோது படம் இன்னும் தொங்கியது. அதன் நிழலில், சீருடையில் இரண்டு பெண்கள் ஒரு பொட்டலத்து நெல்லிக்காயைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒருத்தி அண்ணாந்து படத்தைப் பார்த்து, "ஏட்டி மகா, ஒங்க மாமா வயித்த எங்கட்டி காணோம்?" என்றாள். மற்றவள் சிரித்த சிரிப்பில் நெல்லிக்காய் கீழே விழுந்தது.